கை ஆடிய படம்

தலவாக்கலைக் கடைவீதியில் நின்று அலியார் ஸ்டூடியோ எங்கே என்று கேட்டால், கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். ‘ஆடாதீங்க ராத்தா’ கடை எங்கே என்று கேட்டால் கையோடு கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். பலகையில் இருந்தது கணவனின் பெயர். ஊர் வாயில் இருந்தது மனைவிக்கு வைத்த பெயர். இதில் அலியாருக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. பேர் எதுவானால் என்ன, ஆள் வந்தால் சரி என்று சிரிக்கிற மனிதர் அவர்.

அந்த ராத்தாதான் ரஸீனா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்; தோட்டத்துச் சனங்களும் அவளை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். கம்பளையில் பிறந்து, அலியாருக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்தவள். அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. படம் பிடிக்கிற ஆளே மாப்பிள்ளையாக உட்கார்ந்துவிட்டால் வேறு யார்தான் பிடிப்பது?

வீட்டுக்குள் இருந்தவளை ஸ்டூடியோவுக்கு இழுத்தது அரசாங்கம். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு தோட்டத்துத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். பிறகு, நாங்களும் இந்த நாட்டவர்தான் என்று மனுப் போடச் சொன்னார்கள். மனுத் தள்ளுபடி ஆனவர்கள் இந்தியப் பாஸ்போட்டு எடுக்கப் புறப்பட்டார்கள். மனுவுக்கும் படம், பாஸ்போட்டுக்கும் படம். சனங்களின் வயிற்றெரிச்சலில் ஸ்டூடியோக்காரர்களுக்குப் பிழைப்பு நடந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அலியார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன்னால் படம் பிடிக்கும் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. “தலைய நிமித்துங்கம்மா” என்று அலியார் சொன்னால் இன்னும் குனிவார்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது சட்டம். சேலைத் தலைப்பைக் காதிலிருந்து விலக்க ஓர் அந்நிய ஆண் கையை நீட்ட முடியுமா? ஒருநாள் அலியார் பொறுக்கமாட்டாமல் திரைக்குப் பின்னால் பார்த்து, “ரஸீனா, கொஞ்சம் வந்துட்டுப் போ” என்றார். வந்தவள் திரும்பிப் போகவில்லை. முதலில் தலைப்பை ஒதுக்கிவிட்டாள், பிறகு முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள், பிறகு படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் பெண்கள் படம் எல்லாம் அவள் கைக்குப் போய்விட்டது.

மேலே கண்ணாடிக் கூரை. அதன் வழியாக வருகிற வெளிச்சம்தான் வெளிச்சம். மழையும் பனியுமான அந்த ஊரில் அது எவ்வளவு வரும்? ஆகவே படப்பெட்டிக் கண்ணாடியின் மூடியைக் கழற்றினால் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை ரஸீனா கடிகாரம் பார்த்து அளப்பதில்லை. எதையும் தொடங்கும்போது அல்லாவின் பெயரைச் சொல்லி ஓதுகிற பிஸ்மியை வாய்க்குள் சொல்லுவாள். வெயில் நாளில் ஒரு பிஸ்மி, மேகம் என்றால் இரண்டு, பனி மூடினால் மூன்று. சொல்லி முடித்ததும் மூடிவிடுவாள். அதுவரை எதிரே இருப்பவர் இமைகூட அசைக்கக் கூடாது. “ஆடாதீங்க, ஆடாதீங்க” என்று அவள் போடுகிற சத்தம் பக்கத்துத் துணிக்கடை வரைக்கும் கேட்கும். பெயர் வந்த கதை அதுதான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மழைக்காலத்தில் அழகம்மா வந்தாள். வட்டகொடைக்கு மேலே கரட்டுமலைத் தோட்டம். தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் தேயிலைத் தூள் சலிக்கிறவள். ஒல்லியான, கறுத்த பெண். உள்ளே வரும்போதே தேயிலை வாசனையும் கூட வந்தது. கணவன் செல்லசாமியின் மனுத் தள்ளுபடியாகிவிட்டது. இந்தியாவில் துறையூர்ப் பக்கம் அவனுடைய அண்ணன் இருக்கிறானாம், அங்கே போய்விடலாம் என்று முடிவு கட்டிவிட்டான். அழகம்மாவின் முடிவை யாரும் கேட்கவில்லை.

நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்தாள். முகம் நேராக இருந்தது, காதும் தெரிந்தது. வலது கை மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது.

“கைய ஆட்டாதீங்க” என்றாள் ரஸீனா.

“கையி படத்துல வருங்களா ராத்தா?”

“வராது. கழுத்துக்கு மேலதான்.”

“அப்ப அது பாட்டுக்கு ஆடிட்டுப் போவட்டுமே. அதுக்குமா பாஸ்போட்டு கேக்குறாங்க?”

ரஸீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் பெட்டி குலுங்கி, கண்ணாடித் தகடு ஒன்று வீணாய்ப் போனது. இத்தனை வருஷத்தில் எதிரே இருந்தவர் ஆடாமல் படம் பிடித்தவர் ஆடியது அன்றைக்குத்தான். இரண்டாம் தகட்டில் படம் நன்றாக விழுந்தது. யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு முகம். பாஸ்போட்டு முகங்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

“அது என்ன தாளம்?” என்று ரஸீனா கேட்டாள்.

“மிசினு தாளமுங்க. ஸ்டோருல ரோலரு ஓடிக்கிட்டே இருக்கும்ல? ஒருநாளு பெல்ட்டு அறுந்து எல்லாம் நின்னுபோச்சு. காதே அடைச்ச மாதிரி ஆயிருச்சு ராத்தா. என் கையி மட்டும் நிக்கல, சல்லடைய ஆட்டிக்கிட்டே இருக்கேன். பேச்சாயின்னு நம்ம கூட்டாளி, அவ தேயிலைப் பெட்டியத் தட்டுனா. இன்னும் ரெண்டு பேரு சேந்துக்கிட்டாளுக. அன்னையிலேருந்து இடைவேளை கெடைச்சா இதே வேலதான்.”

“என்ன பாட்டுப் படிப்பீங்க?”

“பாட்டெல்லாம் இல்லீங்க. சத்தந்தான்.” கொஞ்சம் வெட்கப்பட்டு, “பாஸ்போட்டு வந்துருச்சுன்னா அதுவும் முடிஞ்சுபோயிரும்” என்றாள். ரஸீனா தகட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள்.

அந்த வருஷம் கரட்டுமலை ஸ்டோரில் ஆயுத பூசைக்குப் படம் பிடிக்க அலியார் போக வேண்டியிருந்தது. ஸ்டோரின் மேலாளர் பொன்னையா வருஷா வருஷம் கூப்பிடுவார். டீமேக்கர் என்று அவரைச் சொல்வார்கள். மாலை போட்ட இயந்திரங்கள், அவற்றுக்கு நடுவே மாலை போட்ட துரை, துரைக்குப் பக்கத்தில் அசையாத பொன்னையா. ஆனால் அலியாருக்குக் காய்ச்சல் எழும்பவிடாமல் அடித்தது. போர்வைக்குள்ளிருந்து, “போய்ட்டு வந்துருவேன்” என்று முனகினார். “எங்க, ஆசுபத்திரிக்கா?” என்று சொல்லிவிட்டு ரஸீனாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். முக்காடு போட்ட பெண் மூன்றுகால் தாங்கியோடு பஸ்ஸில் போனதைக் கடைவீதி ஒரு வாரம் வைத்துப் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

பூசை முடிந்தது. துரையும் பொன்னையாவும் படத்துக்கு நின்றார்கள், சொல்லாமலே ஆடாமல் நின்றார்கள். துரை பங்களாவுக்குப் போனதும் சனங்கள் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஸ்டோரில் எல்லா இயந்திரமும் நிற்கும். ரஸீனா படப்பெட்டியை மடிக்கப்போனபோது, பின்பக்கம் தேயிலைப் பெட்டி அடைக்கிற அறையிலிருந்து சத்தம் வந்தது.

ஆயுத பூசை அன்று பூசையில் வைத்த சாமானைத் தொடக் கூடாது. நல்ல சல்லடைகள் எல்லாம் சந்தனப் பொட்டோடு அம்மன் படத்துக்கு முன்னால் இருந்தன. ஆகவே அழகம்மாவும் கூட்டாளிகளுமாக அந்த நாலு பெண்களும் பூசைக்கு வைக்கத் தகுதி இல்லாத சாமான்களாகப் பொறுக்கி வைத்திருந்தார்கள். கம்பி அறுந்த ஒரு சல்லடை, மூலை உடைந்த தேயிலைப் பெட்டி, பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள், ஒரு தகரப் பட்டி, நெளிந்த மண்ணெண்ணெய் டின். வாசலில், தோட்டத்தில் தப்படிக்கிற அழகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

அழகம்மா சல்லடையில் ஒரு கை தேயிலைக் காம்பைப் போட்டு ஆட்டினாள். தூரத்து மலையில் மழை புறப்படுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் நன்றாக ஏறும்வரை மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். பிறகு ஒருத்தி ஈயத்தாளை இரண்டு கையாலும் பிடித்து உதறினாள், அது உறுமியது. ஒருத்தி தகரப் பட்டியைப் பெட்டி விளிம்பில் அழுத்தி நுனியைச் சுண்டிவிட்டாள். அந்த ஒலி வளைந்து வளைந்து மேலே போய் எங்கோ காணாமல் போனது. பேச்சாயி டின்னில் பாதி தண்ணீர் வைத்துச் சாய்த்துச் சாய்த்துத் தட்டினாள். தட்டும்போதே அது குரல் மாறியது. பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. அழகம்மாவின் தொண்டையிலிருந்து மட்டும் ரோலர் ஓடுகிற மாதிரி ஒரு முனகல் வந்தது. நாலும் நாலு பக்கமாய்ப் போயின. இனி ஒன்றுசேரவே சேராது என்று நினைத்த இடத்தில் நாலும் ஒரே வெட்டாக நின்றன. அப்போது கிடைத்த அமைதியும் அவர்கள் அடித்ததுதான்.

“எனக்கு ஒண்ணும் புரியலீங்க ராத்தா” என்றான் அழகன். “நாலு பக்கமும் இழுக்குறாளுக, ஆனா ஒண்ணா வந்து நிக்கிறாளுக. எந்த எடத்துல நிப்பாளுகன்னு மட்டும் இன்னக்கி வரைக்கும் புடிபடல.”

ரஸீனா சின்ன வயதில் கம்பளைக் கல்யாண வீடுகளில் பெண்கள் கூடி உட்கார்ந்து ரபான் என்கிற தோல் மேளம் தட்டக் கேட்டவள்தான். அதற்கு ஒரு வரிசை உண்டு. அடுத்தது என்ன வரும் என்று கைக்குத் தெரியும். இது அப்படி இல்லை. அடுத்தது என்ன என்று தெரியாமலேயே அவளுக்கு அழுகை வந்தது. எத்தனை பெண்களின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி ஆடாதே ஆடாதே என்று சொல்லியிருக்கிறோம், அவர்களெல்லாம் ஆடினால் இப்படித்தான் இருந்திருப்பார்களோ என்று நினைத்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, ஒரே ஒரு தகடு மிச்சம் இருந்தது.

படப்பெட்டியை நிறுத்தினாள். துணிக்குள் போய் வெளியே வந்தாள். பழக்கதோஷம், “ஆடாதீங்க” என்று சொல்லிவிட்டாள். நாலு பேரும் அந்தக் கணமே மரமாய் நின்றார்கள். நாலு பாஸ்போட்டு முகங்கள்.

“ஐயோ, இல்ல இல்ல! நான் தெரியாம சொல்லிட்டேன். நீங்க அடிங்க.”

“அடிச்சா படம் கெட்டுப்போயிருமே” என்றாள் பேச்சாயி.

“கெட்டா கெடட்டும்.”

அடித்தார்கள். அறையில் வெளிச்சம் குறைவு, மூன்று பிஸ்மி. தகடு கழுவியபோது நாலு முகமும் ஓரளவுக்கு விழுந்திருந்தன. கைகள் இருந்த இடத்தில் கை இல்லை, புகை இருந்தது. சல்லடை வெள்ளையாய் ஒரு வட்டம். படச் சட்டப்படி அது பாழாய்ப் போன தகடு. ரஸீனா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தச் சத்தம் கேட்டது. காயவைத்துவிட்டு, மறுநாள் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்காகக் கம்பளைக்குப் போனாள்.

அவள் இல்லாத அந்த நேரத்தில்தான் ஸ்டூடியோவில் வினை வந்தது. வினை வந்தது அன்பால் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

காய்ச்சல் விட்டு எழுந்த அலியார் அந்தத் தகட்டைப் பார்த்தார். பாவம், உடம்பு முடியாத புருஷனுக்காகப் போனவள், வெளியே போய்ப் படம் பிடித்த அனுபவம் இல்லாமல் சொதப்பிவிட்டாள், வந்ததும் மனம் நொந்துபோவாள் என்று நினைத்தார். அவர் கை, தகட்டில் பென்சில் பிடிப்பதில் பெயர் பெற்ற கை. அம்மைத் தழும்பை எடுத்துவிடுவார், இல்லாத மூக்குத்தியை வைத்துவிடுவார், கல்யாணப் பெண் கழுத்தில் அப்பன் போடாத நகையையும் போட்டுவிடுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் புகையை எல்லாம் சுரண்டினார். விரல் விரலாய் நாலு பேருக்கும் கை வரைந்தார். கைக்கு வளையல் போட்டார். நெளிந்த டின்னை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது மரியாதையாக இல்லை என்று பட்டது. அச்செடுத்த படத்தில் தூரிகையால் டின்னை மிருதங்கம் ஆக்கினார். தகரப் பட்டி வீணை ஆயிற்று.

ரஸீனா வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினார். “பாரு. ஒன் படத்தக் காப்பாத்திட்டேன்.”

அவள் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். சின்னப் பிள்ளை மாதிரி அது காத்துக்கொண்டிருந்தது. “அழகா இருக்குங்க” என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுரண்டிய தகட்டில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பெண்களும் குளித்து, எண்ணெய் தடவிச் சீவி, படம் பார்க்க வந்தார்கள். அழகம்மா முதலில் சிரித்தாள். “பேச்சாயி, நீ மிருதங்கம் படிச்சத எங்ககிட்ட சொல்லவே இல்லையே!” எல்லோரும் சிரித்தார்கள். அழகம்மாதான் திரும்பவும் குனிந்து பார்த்தாள். படத்திலிருந்த கையின் மேல் தன் விரலை வைத்தாள்.

“கையி நல்லாத்தான் இருக்கு ராத்தா. யாரு கையிங்க இது?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அலியாரின் நாற்காலி நகருகிற சத்தம் நின்றுபோனது. அப்புறம் அழகம்மாவே, “பாஸ்போட்டு வந்துருச்சுங்க. பொங்கல் முடிஞ்சு கோச்சி ஏறுறோம்” என்றாள். ரயிலைத்தான் மலையில் கோச்சி என்பார்கள். “போறதுக்கு முந்தி நாலு பேருக்கும் ஒரு படம் இருந்தா தேவலன்னு நெனச்சோம். பரவாயில்லீங்க, இது இருக்குல்ல.”

அவர்கள் போனபின் அலியார் வெளியே வந்தார். தலை தொங்கியிருந்தது.

“நான் கேக்கலையே ரஸீனா. அவங்க அடிச்சத நான் கேக்கல. கேட்டிருந்தா தொட்டிருக்க மாட்டேன்.”

“எனக்குத் தெரியுங்க.”

“நீ ஏன் என்னைத் திட்டல?”

“காச்சல்காரர எப்படித் திட்டுறது?” என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. அலியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “கோச்சி ஏறுறதுக்கு முந்தி எடுப்போம். நான் பெட்டி தூக்குறேன். வேற ஒண்ணத்தையும் தொடல” என்றார்.

பேசுவது சுலபம். ஸ்டோர் ஓடாத நாள் கிடையாது. அவர்களுக்கு ஓய்வு நாள் வந்தால் மழை. மழை விட்டால் அழகம்மா சாமான் கட்டுகிறாள், உறவுக்காரர் வீடுகளுக்குப் போகிறாள். அப்படி இப்படி என்று பொங்கலும் முடிந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது, அவள் கோச்சி ஏறுகிற காலைப்பொழுது ஒன்றுதான்.

அன்று வட்டகொடை ஸ்டேஷனில் பனி இறங்கிக் கிடந்தது. மேடையின் ஒரு பக்கம் கொழும்புக்குப் போகிற தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மறு பக்கம் லயங்களிலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, வழியனுப்ப வந்த சனம். கோச்சி கண்ணுக்குத் தெரியுமுன்பே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவுக்குப் போகிறவர்களை அப்படித்தான் அனுப்புவார்கள். உயிரோடு திரும்பக் காணப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். செல்லசாமி ட்ரங்குப் பெட்டியின் மேல் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். அழகம்மாவின் இடுப்பில் அந்தக் கம்பி அறுந்த சல்லடை.

“இதயுமா கொண்டுபோறீங்க?” என்றாள் ரஸீனா.

“நானும் அதத்தாங்க கேட்டேன், இந்தியாவுல சல்லடையே இல்லயான்னு” என்றான் செல்லசாமி. “ஓட்டச் சல்லடை இருக்காதுங்குறா.”

அலியார் மூன்றுகாலை விரித்து நிறுத்தினார். டின் இல்லை, ஈயத்தாள் இல்லை. பேச்சாயி தேயிலைப் பெட்டி அடுக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். நிறைந்த பெட்டி, வயிற்றுக்குள்ளிருந்து வருவது போல் பேசியது. “இது வேற மாதிரி பேசுதுடி” என்றாள். இன்னொருத்தி செல்லசாமியை எழுப்பிவிட்டு ட்ரங்குப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நாலாமவள் மேடைச் சரளையை ஒரு கை அள்ளினாள். அழகம்மா சல்லடையை ஆட்டத் தொடங்கினாள்.

ஒப்பாரி ஒவ்வொரு குரலாய் அடங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு வேகமாய் வந்து, “மொகத மே?” என்று சிங்களத்தில் அதட்டினார், இது என்ன என்று. அலியார் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். தப்படிக்கிற அழகனையே திணற அடித்த சத்தம், அரசாங்க உத்தியோகத்தரை விடுமா? கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் நின்றுவிட்டார்.

ரஸீனா மூடியைக் கழற்றினாள். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்மி சொன்னாள். பனிக்கு மூன்று. மூன்றும் ஆயிற்று. மூடி கையிலேயே இருந்தது. நாக்கு நிற்காமல் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவுக்குள் போய்விட்டது. ஏன் ஓதினோம் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பயணம் போகிற ஒருத்தி எதிரே நின்றாள், வாய் ஓதியது. வரி வரியாய் ஓதினாள். சல்லடையோடு சேர்ந்து அழகம்மாவின் உடம்பு முழுவதும் இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருந்தது. ஆமீன் என்று அவள் முடித்ததும் நாலு பேரும் நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தன என்று அலியார் பிறகு சொல்லுவார். ரஸீனாவுக்கு அது நினைவில் இல்லை. கையில் மூடி இருந்ததைக் கண்டு திடுக்கிட்டதுதான் நினைவு இருக்கிறது.

“நான் மூடவே இல்லையேங்க! நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க, ஏன் சொல்லல?”

“ஓதிக்கிட்டு இருக்குறப்ப குறுக்க பேசுவாங்களா?” என்றார் அலியார். அவர் கண்கள் நனைந்திருந்தன.

இன்னொரு தகடு போட நேரம் இல்லை. கோச்சி உள்ளே வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து ஒப்பாரி எழுந்தது. அழகம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ரஸீனாவின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள், ஸ்டூடியோவில் இவள் செய்கிற மாதிரியே. “ஆடாதீங்க ராத்தா” என்றாள். அழுகையில் ரஸீனாவின் உடம்பு அப்படிக் குலுங்கிக்கொண்டிருந்தது.

தகட்டை அலியார்தான் கழுவினார். வெளிச்சம் அதிகம் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. மருந்தை இளக்கி, தகட்டை அதிலேயே வைத்துப் பொறுமையாய் அலசி, கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கி, ஓர் அச்சு எடுத்தார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தார்கள். தேயிலைப் பெட்டிகள் பளிச்சென்று இருந்தன. தோட்டத்து முத்திரை எழுத்தைக்கூட வாசிக்கலாம். மூன்று பெண்களின் முகமும் மங்கலாய்ப் பிடிபட்டன. அழகம்மாவுக்கு முகம் இல்லை. மேடையில் ஊன்றிய இரண்டு வெறும் பாதங்கள் மட்டும் நகம் வரைக்கும் தெளிவு. அதற்கு மேலே, இடுப்பிலிருந்து வெளிச்சமாய் ஓர் ஆட்டம், அவ்வளவுதான்.

ரஸீனா அழுதேவிட்டாள். யாருக்காக எடுத்தோமோ அவள் மட்டும் இல்லாமல் ஒரு படம். அலியாரின் கை பழக்கத்தில் பென்சிலுக்குப் போனது. படத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பென்சிலை மேசையில் வைத்துவிட்டார்.

“எங்க தொடுறது இத? தொட்டா போயிரும்” என்றார்.

பேச்சாயியும் மற்ற இரண்டு பேரும் வந்தபோது ரஸீனாவுக்கு அவர்களை நிமிர்ந்து பார்க்கவே கூசியது. படத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவசரமாய்ச் சொன்னாள்: “தப்பு என் பேருலதான். மூடுறதுக்கு மறந்துட்டேன். அழகம்மாட பாஸ்போட்டுத் தகடு இங்க இருக்கு. முகம் தெளிவா இருக்கும். அதுல மூணு படம் போட்டுத் தாறேன்.”

பேச்சாயி படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று பேரும் குனிந்தார்கள். ஒருத்தி வாய்க்குள் ஏதோ தாளம் சொன்னாள். இன்னொருத்தி தலையாட்டினாள். பேச்சாயியின் விரல் அந்த வெளிச்ச ஆட்டத்தின் மேல் போய் ஓர் இடத்தில் நின்றது.

“அந்த மூஞ்சி ஆபீசுக்காரவுகளுக்குக் காட்டுன மூஞ்சி ராத்தா. அத அவுகளே வச்சுக்கட்டும். அடிக்கிறப்ப இவ மூஞ்சிய நாங்க என்னைக்கு ஒழுங்காப் பாத்திருக்கோம்? எங்களுக்கு இவ இப்படித்தான் தெரிவா.” படத்தைத் திருப்பி ரஸீனாவுக்குக் காட்டினாள். “இந்தா பாருங்க, நிக்கிற எடத்துக்கு வரப்போறா. இன்னும் நிக்கல.”

அந்தப் படம் ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிக்குள் கல்யாண ஜோடிகளுக்கு நடுவே வெகுகாலம் இருந்தது. படம் ஆடியிருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, ஆமாம், ஆடினார்கள் என்று அலியார் பதில் சொல்லுவார். அதற்குப் பிறகும் பாஸ்போட்டுக்கு வருகிற பெண்கள் குறையவில்லை, ரஸீனாவும் “ஆடாதீங்க” என்று சத்தம் போடுவதை விடவில்லை. ஆனால் மடியில் யாருடைய கையாவது அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அது நிற்கும்வரை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள்.